விறாந்தையில் கூடு கட்டும் தகைவிலான் எது?

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் எங்கள் லயத்து விறாந்தையில் ஒரு தகைவிலான் மண்கூடு கட்டுகிறது. தொண்டை செம்பழுப்பு நிறம். பழைய புத்தகத்தில் ‘பசிபிக் சுவாலோ’, புதிய பட்டியலில் ‘ஹில் சுவாலோ’. மகளின் பறவைக் குறிப்பேட்டில் எதை எழுதுவது?

பதில்: முதலில் கூட்டைப் பாருங்கள். மேலே திறந்த அரைக் கிண்ணமாக இருந்தால் அது ஹிருண்டோ பேரினம். முழுக்க மூடி, வாசல் மட்டும் குழாய்போல் நீண்டிருந்தால் செக்ரோபிஸ்.

திறந்த கூடு என்றால் ஹில் சுவாலோ என்றே எழுதலாம். அறிவியல் பெயர் ஹிருண்டோ டொமிகோலா. தென்னிந்திய மலைகளிலும் நம் மலைநாட்டிலும் வாழும் பறவை. முன்பு இதைப் பசிபிக் சுவாலோவின் (ஹிருண்டோ டஹிட்டிகா) துணையினமாக வைத்திருந்தார்கள், இப்போது தனி இனம். இங்கே இருப்பது இந்த வடிவம் மட்டுமே என்பதால், பழைய குறிப்புகளில் உள்ள பசிபிக் சுவாலோவைத் தயங்காமல் ஹில் சுவாலோ என்று மாற்றிக்கொள்ளலாம்.

குளிர்காலத்தில் வரும் பார்ன் சுவாலோவுக்கும் (ஹிருண்டோ ரஸ்டிகா) தொண்டை சிவப்புத்தான். வால் நீளத்தை நம்ப வேண்டாம், இளம் பறவைகளுக்கு அது குட்டை. மார்பில் கரும்பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். சிலவற்றில் அது நடுவில் அறுந்திருக்கும். ஹில் சுவாலோவுக்குப் பட்டையே இல்லை, வயிறும் சாம்பல் படிந்தது. பார்ன் சுவாலோ இங்கே கூடு கட்டுவதில்லை, வடக்கே போய்த்தான் குஞ்சு பொரிக்கும்.

மூடிய கூட்டில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். மதகுக்கு அடியிலும் பாறை இடுக்கிலும் அப்படிக் கட்டுவது சிறிலங்கா சுவாலோ (செக்ரோபிஸ் ஹைப்பரித்ரா). தொண்டை முதல் வயிறு வரை அடர்ந்த செம்பழுப்பு. இலங்கையைத் தவிர வேறெங்கும் கூடு கட்டாத இனம் என்பதால், இதைச் சரியாகப் பதிவு செய்வது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இதுவும் முன்பு செம்பிட்டத் தகைவிலானின் (செக்ரோபிஸ் டாரிக்கா) துணையினமாகவே எண்ணப்பட்டது. ஆனால் பழைய பெயரை இங்கே கண்ணை மூடிக்கொண்டு மாற்றக் கூடாது. வடக்கிலிருந்து உண்மையான டாரிக்காவும் குளிர்காலத்தில் அரிதாக வந்து போகிறது. அதன் அடிப்பகுதி வெளிறி, மெல்லிய கோடுகளோடு இருக்கும். நிறக்குறிப்பு இல்லாத பழைய பதிவை அப்படியே விட்டுவிடுங்கள்.

மகள் பெயரோடு திகதி, இடம், கூட்டின் வடிவம், மார்புப் பட்டை உண்டா இல்லையா என்பதையும் எழுதட்டும். நாளை வகைப்பாடு மறுபடி மாறினாலும் அந்தக் குறிப்பு செல்லும்.

அப்புறம், எச்சம் விழுகிறதே என்று கூட்டை உடைத்துவிடாதீர்கள். கூட்டுக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு பலகை அடித்தால் போதும். பழைய கூட்டையே திருத்தி மறுபடியும் முட்டையிடுவது இவற்றின் வழக்கம்.