மோனேவின் சூரியகாந்திப் பூக்கள் ஏன் கலைந்து தெரிகின்றன?

பிரெஞ்சு ஓவியர் மோனேவின் சூரியகாந்தி ஓவியத்தில் இதழ்கள் கிறுக்கியதுபோல இருக்கின்றனவே, அரைகுறையாக விட்டுவிட்டாரா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, அது முடித்த படம்தான். 1881இல் வரைந்தது; மறுவருடமே பாரிசில், கணநேர வெளிச்சத்தை வரைய முயன்ற இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களின் ஏழாவது கண்காட்சியில் வைக்கப்பட்டது. இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதழ்மேல் விழும் வெளிச்சத்தைப் பிடிக்கத்தான் அவர் பாடுபட்டார். அதனால் வண்ணங்களைக் குழைத்து வழவழப்பாக்காமல், மஞ்சளையும் ஆரஞ்சையும் துள்ளும் தீற்றல்களாக அடுத்தடுத்து வைத்தார். கீழே விரித்த சிவப்புத் துணியைக் கவனியுங்கள், அதன் பக்கத்தில் மஞ்சள் பற்றி எரிகிறது! நாலடி தள்ளி நின்று பாருங்கள், பூக்கள் தாமாகக் கூடிவரும்.

இந்தப் படத்தைவிட டச்சு ஓவியர் வான்காவின் சூரியகாந்திகளே தனக்குப் பிடிக்கும் என்று அவருடைய ஓவிய நண்பர் கோகன் சொன்னதாக வான்கா கடிதத்தில் எழுதியிருக்கிறார். எனக்கென்னவோ மோனேதான்.