தடுப்பு முகாமும் மனநலமும்: வாசகர் கேள்விகள்

பெயர்களையும் அடையாளங்களையும் எடுத்துவிட்டேன். ஒரே மாதிரி வந்த கடிதங்களை ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: என் தம்பி 2010இல் படகில் அவுஸ்திரேலியா வந்தவன். கிறிஸ்மஸ் தீவு, பிறகு சிட்னியின் விலாவூட் என்று தடுப்பு முகாம்களில் ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தான். இப்போது விசாவும் வேலையும் இருக்கின்றன. ஆனால் இரவில் தூங்குவதில்லை, சாவிச் சத்தம் கேட்டாலே எழும்பி உட்காருகிறான். வெளியே வந்து இவ்வளவு காலமாகியும் ஏன் இப்படி?

பதில்: முகாமில் இரவிலும் ஆட்களை எண்ணுவார்கள். வேறு முகாமுக்கு மாற்றவோ நாடு கடத்தவோ விடியுமுன் கதவைத் தட்டுவார்கள். பல வருடம் அரைத்தூக்கத்தில் கிடந்து பழகிய உடம்பு, விசா வந்த அன்றே அதை மறந்துவிடாது.

அதைவிட ஆழமான காயம் ஒன்று உண்டு. தண்டனைக் கைதிக்கு விடுதலைத் தேதி தெரியும். அவுஸ்திரேலியாவிலோ 1992 முதல் விசா இல்லாமல் வருபவரைக் கட்டாயமாக அடைக்கிறார்கள், முடிவுத் தேதி கிடையாது. காலவரையற்ற தடுப்பு சட்டப்படி சரி என்று 2004இல் அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் சொன்னது. 2023 நவம்பரில்தான் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைக் கைவிட்டது. உங்கள் தம்பி இருந்த காலத்தில், அகதி என்று ஏற்கப்பட்ட பிறகும் உளவுத்துறையான ஆசியோவின் பாதகமான அறிக்கையால் வருடக்கணக்கில் அடைபட்டவர்களில் பெரும்பாலானோர் இலங்கைத் தமிழரான நம் ஆட்கள். காரணத்தைக்கூட அவர்களுக்குச் சொல்லவில்லை. அந்தத் தடுப்பு கடுமையான உளப் பாதிப்பை உண்டாக்குகிறது என்று 2013இல் ஐ.நா. மனித உரிமைக் குழு முடிவு சொன்னது.

இந்தச் சரிவை உள்ளேயிருந்தே பார்த்து எழுதியவர் ஆமர் சுல்தான் என்ற ஈராக்கிய டொக்டர். அவரும் விலாவூட்டில் அடைபட்டிருந்தார். 2001இல் ஓர் உளவியலாளரோடு சேர்ந்து மருத்துவ சஞ்சிகையில் எழுதிய கட்டுரையில், மனம் படிப்படியாக உடைவதை விவரித்தார். வந்த புதிதில் அதிர்ச்சி இருந்தாலும் நம்பிக்கையும் இருக்கும். முதல் மறுப்போடு சோர்வு வரும். மேல்முறையீடும் தோற்றால் ஆள் ஒதுங்கிவிடுவார். கடைசியில் எவரையும் நம்பாத நிலை. ஒவ்வொரு படிக்கும் காரணம் ஒரு கடிதம் என்பதைக் கவனியுங்கள். அரசாங்கக் கடிதம் வந்தால் தம்பி உடைக்காமல் வைத்துவிடுகிறாரா? அப்படியென்றால் பக்கத்தில் இருந்து சேர்ந்து வாசியுங்கள்.

வெளியே வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் சிட்னியில் மண்டேய அகதிகளிடம் (ஈராக், ஈரான் பக்கத்துச் சிறுபான்மை மதத்தவர்) நடந்த ஆய்வில், நீண்டகாலம் அடைபட்டிருந்தவர்களுக்கு விடுதலையாகிச் சராசரி மூன்று வருடம் கழித்தும் பாதிப்பு இருந்தது. நியூ சவுத் வேல்ஸில் ஸ்டார்ட்ஸ், விக்டோரியாவில் ஃபவுண்டேஷன் ஹவுஸ் ஆகியவை சித்திரவதையாலும் மனவடுவாலும் பாதிக்கப்பட்ட அகதிகளுக்கென்றே இருக்கும் இலவச சேவைகள். தமிழில் கதைக்க மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம்.

கேள்வி: வன்னியில் ஷெல்லடிக்குள் கிடந்து தப்பியவர்களுக்கு இந்த முகாமெல்லாம் ஒரு பெரிய விஷயமா? (ரொறன்ரோ)

பதில்: கோயில் அன்னதானப் பந்தியிலும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன், அதுவும் நல்ல மனிதர்களிடமிருந்து. 2010இல் சன் சீ கப்பலில் உங்கள் நாட்டுக்கு வந்த 492 இலங்கைத் தமிழரும் அடைக்கப்பட்டது நினைவிருக்கும். கனடாவிலேயே பிறகு ஓர் ஆய்வு நடந்தது. அடைபட்ட அகதிக் கோரிக்கையாளர்களையும் அடைபடாதவர்களையும் ஒப்பிட்டார்கள். பெரும்பாலோர் உள்ளே இருந்தது சில வாரங்கள்தான். அதற்குள்ளேயே அவர்களில் நான்கில் மூன்று பங்கினரிடம் மனச்சோர்வு அறிகுறிகள் தெரிந்தன. வெளியே இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேரிடம்தான். ஊரில் பட்டது இரு பக்கத்துக்கும் பொது, இந்த வித்தியாசம் முகாம் கொடுத்தது. யுத்தத்தில் இராணுவத்தைப் பார்த்து நடுங்கியவனை, பாதுகாப்பு என்று நம்பி வந்த இடத்தில் சீருடைக்காரர்களின் காவலில் வைத்தால் பழைய மனவடுதான் முதலில் திறக்கும்.

கேள்வி: மகள் முகாமில் பிறந்தவள். இப்போது வளர்ந்துவிட்டாள், இன்னும் தனியாகத் தூங்கமாட்டாள். பள்ளிக்கூடத்தில் சொல்ல வேண்டுமா?

பதில்: சொல்லுங்கள். அவுஸ்திரேலிய மனித உரிமை ஆணைக்குழுவின் 2014 விசாரணையில், தடுப்பில் இருந்த பிள்ளைகளில் 34 சதவீதத்தினருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு மனநலப் பாதிப்பு இருந்தது. வெளியே உள்ள பிள்ளைகளில் அது 2 சதவீதம். அங்கே தாய் தகப்பனைக் காவலர்கள் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டதையும், அம்மா கட்டிலை விட்டு எழும்பாததையும் குழந்தை பார்த்தபடியே வளர்கிறது. ஆகவே உங்களுக்கும் சேர்த்து உதவி கேளுங்கள், தாய் தேறாமல் பிள்ளை மட்டும் தேறுவது கஷ்டம்.

கேள்வி: கணவர் இங்கிலாந்தில் தடுப்பு நிலையத்தில் இருக்கிறார். மனநோய் என்று டொக்டரிடம் சொன்னால் கேஸ் கெட்டுவிடும் என்று பயந்து மறைக்கிறார். போனிலும் கதைப்பது குறைந்துவிட்டது.

பதில்: மறைப்பதுதான் அவருக்குக் கெடுதி. அங்கே 'ரூல் 35' என்ற விதி உண்டு. தடுப்பு ஒருவரின் உடல்நலத்தைக் கெடுக்கும், தற்கொலை எண்ணம் இருக்கிறது அல்லது சித்திரவதைக்கு உள்ளாகியிருக்கலாம் என்று தெரிந்தால், நிலைய டொக்டர் அறிக்கை எழுத வேண்டும். அந்த அறிக்கை தடுப்பை மறுபரிசீலனை செய்ய வைக்கும், விடுதலை நிச்சயம் என்று மட்டும் எண்ண வேண்டாம். கணவர் சொல்லாவிட்டால் டொக்டரால் எதை எழுத முடியும்? மொழிபெயர்க்க, அங்கே தன்னோடு அடைபட்டிருப்பவரைக் கூப்பிடாமல், வெளி மொழிபெயர்ப்பாளரைக் கேட்கச் சொல்லுங்கள். சட்டத்தரணிக்கும் இன்றே தெரியப்படுத்துங்கள்.

போனில் ஒவ்வொரு முறையும் "கேஸ் என்னாச்சு?" என்று தொடங்காதீர்கள். பிள்ளையின் வீட்டுப்பாடம், கறிக்கு உப்புக் கூடிய கதை, எதுவானாலும் சரி. "சாக வேண்டும் போல இருக்கிறதா?" என்று நேரே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. சாப்பாட்டை நிறுத்தினாலோ, பொருட்களைப் பிறருக்குக் கொடுத்தாலோ, திடீரென்று எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாலோ, உடனே நிலையத்துக்கும் சட்டத்தரணிக்கும் அழையுங்கள்.

கேள்வி: நண்பரின் தூக்க மாத்திரையைத் தினமும் பாதி போடுகிறேன். பரவாயில்லையா?

பதில்: வேண்டாம். ஆனால் பல நாள் போட்டிருந்தால் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். மாத்திரைப் பெட்டியோடு குடும்ப டொக்டரிடம் போங்கள்.