ஆம்ப் மாத்தவா, ஸ்பீக்கர் மாத்தவா? கம்மி பட்ஜெட் ஸ்டீரியோ கேள்வி-பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல முக்காவாசி "எதை முதல்ல மாத்துறது"ங்கிற ரகம்தான். ஒரே மாதிரி இருந்ததை சேர்த்துட்டேன், மத்ததுக்கு தனித்தனியா சொல்லியிருக்கேன்.

அண்ணே, எங்க ஊர்லயே அசெம்பிள் பண்ணி வாங்குன செட்டு, 4440 போர்டு, பாக்ஸ்ல 1000 வாட்ஸ்னு ஸ்டிக்கர் இருக்கு. சத்தம் கூட்டுனா கரகரங்குது. கையில 25 ஆயிரம் இருக்கு, 2000 வாட்ஸ் ஆம்ப் எடுத்துடவா? (திண்டுக்கல்)

வேணாம் தம்பி, முதல்ல அந்த ஸ்டிக்கரை கிழிச்சு போடுங்க. 4440ங்கிற ஆம்ப் ஐசி ஸ்டீரியோவுல ஒரு பக்கத்துக்கு 6 வாட்ஸ்தான் தரும், பிரிட்ஜ் பண்ணி, அதாவது ரெண்டு பக்கத்தையும் சேத்து மோனோவா ஓட்டுனா 19 வாட்ஸ், அவ்வளவுதான் அதோட டேட்டாஷீட்லயே போட்டிருக்கு. 1000ங்கிறது பிஎம்பிஓ கணக்கு, விளம்பரத்துக்கு ஊதிக் காட்டுற உச்ச வாட்ஸ், அதுக்கு எந்த அர்த்தமும் கிடையாது, விடாம தொடர்ந்து தர்ற பவரான ஆர்எம்எஸ் என்னன்னு மட்டும் கேளுங்க. கடைக்காரர் மழுப்புனா உள்ள இருக்கிற டிரான்ஸ்ஃபார்மரை பாருங்க, 12 வோல்ட் 5 ஆம்பியர்னா மொத்தமே 60 வாட்ஸ்தான் உள்ள போகுது, அப்புறம் 1000 எங்கிருந்து வெளிய வரும்?

இன்னொன்னு, வாட்ஸ் ரெண்டு மடங்கானா சத்தம் ரெண்டு மடங்கு ஆகும்னு எல்லாரும் நினைக்கிறாங்க. ஆகாது. 50ல இருந்து 100க்கு போனா 3 டெசிபல்தான் கூடும், காதுக்கு "கொஞ்சம் கூடியிருக்கோ"ன்னு தோணும், நிஜமாவே ரெண்டு மடங்கு சத்தமா கேக்கணும்னா கிட்டத்தட்ட பத்து மடங்கு பவர் வேணும். அதே 3 டெசிபலை ஆம்பை தொடாமலே வாங்கலாம், எப்படின்னா ஸ்பீக்கரோட சென்சிட்டிவிட்டியை (அதே பவருக்கு அது எவ்வளவு சத்தம் தரும்ங்கிற கணக்கு) பாருங்க, 86 டெசிபல் போட்டிருக்கிறதுக்கு பதிலா 89 போட்டிருக்கிறதை எடுத்தா ஆம்ப் பவரை டபுள் பண்ண மாதிரிதான். ஹால்ல உக்காந்து பேச்சு கேக்குற அளவுக்கு வச்சு பாட்டு கேக்கும்போது நிஜமா செலவாகுறது ஒண்ணு ரெண்டு வாட்ஸ்தான்னு சொன்னா யாரும் நம்ப மாட்டேங்குறாங்க.

அதனால 25ல ஒரு 15, 16 ஆயிரத்தை ஒரு ஜோடி நல்ல புக்ஷெல்ஃப் ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்க. மீதிக்கு சின்ன கிளாஸ்-டி ஆம்ப் (கரண்ட்டை அதிகம் சூடா வீணாக்காத ரகம்) போதும், டிபிஏ 3116 சிப் போட்டதே சின்ன ஹாலுக்கு தாராளம், கூடவே நல்ல அடாப்டர் வாங்குங்க, அதுல கஞ்சத்தனம் பண்ணா அந்த சிப்போட பவர்ல பாதிகூட வராது. அஞ்சு ஸ்பீக்கர் வேணும்னு அடம்பிடிக்காதீங்க, பாட்டு கேக்க ரெண்டு நல்லது போதும், அஞ்சு மட்டமானதை வச்சு என்ன பண்ண போறீங்க. பேஸ் பத்தலைன்னா அடுத்த வருஷம் போனஸ்ல ஒரு சப்ஊஃபர் சேத்துக்கலாம், 80 ஹெர்ட்ஸ் கிட்ட கட் பண்ணி, அதுக்கு கீழ உள்ள பேஸை மட்டும் அதுக்கு விட்டா போதும்.

ஸ்பீக்கர் வயர் மீட்டர் 1,500 ரூபாய்க்கு விக்கிறாங்க, வாங்கலாமா சார்? (கோவை)

வாங்காதீங்க. எலக்ட்ரிக்கல் கடையில 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ட்வின் வயர் கேளுங்க, அஞ்சு மீட்டர் இழுத்தாலும் போக வர சேத்து ரெசிஸ்டன்ஸ் 0.12 ஓம்தான் வரும், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அதெல்லாம் ஒண்ணுமே இல்ல. செம்பு முலாம் பூசின அலுமினியம் மட்டும் வேணாம், பிளேடு வச்சு சுரண்டி பாத்தா உள்ள வெள்ளையா தெரியும்.

மாமா 90கள்ல சிங்கப்பூர்ல இருந்து கொண்டு வந்த ஜப்பான் ஆம்ப் பரண்ல கிடந்துச்சு. போட்டா ஒரு பக்கம் மட்டும் பாடுது, வால்யூம் திருப்புனா சரக்கு சரக்குங்குது. தூக்கி போட்டுட்டு புதுசு வாங்க சொல்றார் அப்பா. (தஞ்சாவூர்)

அப்பாகிட்ட ஒரு வாரம் டைம் கேளுங்க! அந்த காலத்து ஆம்ப்ல இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர், ஹீட்சிங்க்கை எல்லாம் இன்னைக்கு அந்த விலைக்கு யாரும் போட மாட்டாங்க.

மறுபடி பிளக்கை சொருகுறதுக்கு முன்னாடி பின்பக்கம் வோல்டேஜ் பாருங்க. சிங்கப்பூர் செட்னா 230தான், நம்ம கரண்ட்டுக்கு சரி, பாடிடுச்சுன்னா பெரும்பாலும் பிரச்சினை இல்ல. ஆனா சில மாடல்ல 110, 127, 220, 240னு திருப்புற செலக்டர் இருக்கும், அது எதுல நிக்குதுன்னு பாத்துடுங்க. இதை படிக்கிற மத்தவங்களுக்கும் சொல்றேன், ஜப்பான் உள்ளூர் மாடல்னா 100 வோல்ட், நேரா சொருகுனா புகைதான். ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம தொடாதீங்க.

இப்ப ஒரு பக்கம் பாடாத விஷயம். ஆஃப் பண்ணிட்டு பின்னாடி உள்ள வர்ற சிவப்பு, வெள்ளை பின்னை மாத்தி சொருகுங்க. ஊமை பக்கம் மாறுச்சுன்னா கோளாறு பிளேயர்லயோ அந்த வயர்லயோ. மாறலைன்னா பின்னை பழையபடி போட்டுட்டு, மறுபடி ஆஃப் பண்ணி ஸ்பீக்கர் வயரை இடது வலது மாத்துங்க, அதே பெட்டி ஊமையா இருந்தா பெட்டி போச்சு, அடுத்த பெட்டி ஊமையானா ஆம்ப்ல கோளாறு. ஆம்ப்னு தெரிஞ்சாலும் பயப்படாதீங்க, சரக்கு சரக்குங்குதுன்னு நீங்க சொல்றதை பாத்தா வால்யூம் கன்ட்ரோல்லயும் டேப் மானிட்டர் பட்டன்லயும் தூசியும் துருவும்தான் இருக்கும்னு நினைக்கிறேன். எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனர் ஒரு டப்பா வாங்கி, பிளக்கை பிடுங்கிட்டு, உள்ள அடிச்சு முப்பது தடவை திருப்புங்க, அமுக்குங்க. சைக்கிள் செயினுக்கு அடிக்கிற ஸ்ப்ரே வேணாம். வால்யூமை நல்லா கூட்டுனா மட்டும் அந்த பக்கம் திடீர்னு உயிர் வருதுன்னா ஸ்பீக்கர் ரிலே (உள்ள ஸ்பீக்கரை இணைச்சு விடுற தானியங்கி சுவிட்ச்) கான்டாக்ட் கருத்திருக்கு, ரிலே மாத்துறது சில நூறு ரூபாய் வேலை.

பாட்டு இல்லாதப்பவும் "ம்ம்ம்"னு ஹம்மிங் வந்தா பெரிய ஃபில்டர் கண்டென்சர் காய்ஞ்சிருக்கலாம். அதை மட்டும் மெக்கானிக்கிட்ட கொடுங்க, ஆஃப் பண்ண பிறகும் அதுல சார்ஜ் நிக்கும், கை வைக்காதீங்க.

புது வீடு கட்டி செட்டை கீழ ஹாலுக்கு மாத்துனோம். பழைய வீட்டுல நல்லா இருந்த அதே செட் இங்க கொழகொழன்னு கேக்குது, பாடுறவங்க வார்த்தையே புரியல. எதை அப்கிரேட் பண்ணணும்? (நாகர்கோவில்)

செட்டுல ஒண்ணையும் மாத்த வேண்டாம். வெட்ரிஃபைட் டைல்ஸ், பட்டி வச்ச வழவழ சுவர், கண்ணாடி ஜன்னல், சரிதானே? ஹால் நடுவுல நின்னு ஓங்கி ஒரு கை தட்டுங்க, டிர்ர்ருன்னு இழுத்துட்டு அடங்குனா அதுதான் வில்லன், எவ்வளவு விலை ஸ்பீக்கர் வச்சாலும் அங்க இப்படித்தான் கேக்கும். ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவுல தரையில கனமான கார்பெட் போடுங்க, ஜமக்காளம்னா ரெண்டு மூணா மடிச்சு போடுங்க, ஜன்னலுக்கு மடிப்பு மடிப்பா விழற கனமான ஸ்கிரீன் துணி, பின் சுவர்ல ஒரு புத்தக அலமாரி. இது எல்லாம் சேந்தே ஒரு ஆம்ப் விலை ஆகாது, வீட்டுக்காரம்மாவும் சண்டைக்கு வர மாட்டாங்க, அவங்களுக்கும் ஸ்கிரீன் வேணும்.

அப்புறம் பெட்டியை எங்க வச்சிருக்கீங்க? நம்ம ஊர்ல டீக்கடை மாதிரி லாஃப்ட் மேல மூலைக்கு ஒண்ணா ஆணி அடிச்சு மாட்டுறதை என்னைக்கு விட போறாங்களோ. மூலையில வச்சா பேஸ் மட்டும் உப்பி மத்ததை அமுக்கிடும். கீழ இறக்குங்க, உக்காந்தா ட்வீட்டர் (பெட்டியில ட்ரெபிள் பாடுற சின்ன ஸ்பீக்கர்) காது மட்டத்துக்கு வரணும், சுவர்ல இருந்து ஒரு அடியாவது தள்ளி, ரெண்டு பெட்டியும் நீங்களும் மூணு மூலையும் சமமான முக்கோணமா இருக்கணும்.

போன்ல இருந்து ப்ளூடூத்ல கேக்குறேன், டேக் (DAC, டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்கு ஏத்த சிக்னலா மாத்துற பெட்டி) வாங்குனா தெளிவு கூடுமா? (சேலம்)

எதை கேக்குறீங்கங்கிறதை பொறுத்தது. யாரோ பழைய கேசட்ல இருந்து ஏத்தி விட்ட வீடியோவை யூடியூப்ல கேட்டா 50 ஆயிரம் டேக் வச்சாலும் கேசட் சத்தம்தான். நல்ல சோர்ஸ்னா ஆண்ட்ராய்டு போன்ல எல்டாக் (ப்ளூடூத்ல கூடுதல் தரமா பாட்டு அனுப்புற முறை) இருக்கான்னு பாருங்க, ரிசீவர்லயும் அது இருக்கணும், 990 கேபிபிஎஸ் வரைக்கும் போகும். ஐபோன்ல எல்டாக் கிடையாது, ஏஏசிதான், அதுவும் மோசமில்ல. என்னை கேட்டா போன்ல சொருகுற ஒரு யூஎஸ்பி-சி டாங்கிளும் (அதுவும் ஒரு குட்டி டேக்தான்) அதுல இருந்து ஆம்ப்புக்கு ஒரு ஆர்சிஏ வயரும் போதும், ஒண்ணு ரெண்டாயிரத்துக்குள்ள முடிஞ்சிடும். போன் வால்யூமை ஃபுல் வச்சுட்டு ஆம்ப்ல குறைங்க.

15 வருஷ பழைய ஸ்பீக்கர் ஜோடி 4,000க்கு வருது, ஊஃபர் ஓரம் பொடி பொடியா உதிருது. (புதுச்சேரி)

ஃபோம் ரிங் அப்படித்தான், கடலோர ஈரத்துல இன்னும் சீக்கிரம் போகும். கோனும் (முன்னாடி அசையுற கூம்பு) காயிலும் (அதுக்கு பின்னாடி உள்ள கம்பிச்சுருள்) நல்லா இருந்தா ரிங் மட்டும் மாத்தலாம், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் விசாரிச்சா ஆள் கிடைப்பாங்க. விரலை விரிச்சு கோனை மெதுவா, கோணாம அமுக்கி பாருங்க, உள்ள உரசுற சத்தம் கேட்டா காயில் போச்சு, வாங்காதீங்க. உரசலைன்னா 2,500க்கு பேசுங்க. இனிமே வாங்கும்போது ரப்பர் ஓரமா பாத்து எடுங்க.

ரெக்கார்டு பிளேயரை ஆம்ப்போட ஆக்ஸ்ல சொருகுனேன், சத்தம் கொசு மாதிரி வருது, பேஸே இல்ல. பிளேயர் கோளாறா? (மதுரை)

இல்ல. மேக்னெட் கார்ட்ரிட்ஜ்ல (ஊசி மாட்டியிருக்கிற தலை) இருந்து வர்றது அஞ்சு மில்லிவோல்ட் சுமாருக்குத்தான், ஆக்ஸுக்கு அது பத்தாது. அதுபோக தட்டுல பதியும்போதே பேஸை குறைச்சு ட்ரெபிளை ஏத்திதான் பதியுறாங்க, அதை திருப்பி சரி பண்ற ஃபோனோ ப்ரீஆம்ப் நடுவுல வேணும். பிளேயர் பின்னாடி ஃபோனோ, லைன்னு சுவிட்ச் இருக்கான்னு முதல்ல பாருங்க, இருந்தா லைன்ல போடுங்க, காசே செலவில்ல. இல்லைன்னா தனியா ஒரு ப்ரீஆம்ப் வாங்குங்க, பிளேயர்ல இருந்து வர்ற மெல்லிசான எர்த் வயரை அதுல மறக்காம முறுக்கிடுங்க, இல்லைன்னா அடுத்த தடவை ஹம்மிங்னு கேள்வி அனுப்புவீங்க.