செயல்திறன் வரைபடங்கள்: கேள்வி பதில்

லினக்ஸ் சர்வர்களின் செயல்திறன் அளவீடுகளை வரைபடமாக்குவது குறித்துச் சென்னை நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

தியாகராய நகரிலிருந்து: ஐயா, எங்கள் ஜவுளிக் கடையின் பில்லிங் சர்வர் மாலையில் ஓரிரு நிமிடங்கள் உறைந்துவிடுகிறது. ஆனால் சர்வரின் அளவீடுகளைப் பதிவு செய்யும் 'சார்' (sar) கருவி சேகரித்த எண்களைக் க்னூப்ளாட் என்ற வரைபட மென்பொருளில் வரைந்தால் சிபியு பயன்பாடு 20 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. வரைபடத்தை நம்பலாமா?

வரைந்ததில் பிழை இல்லை. அளந்த இடைவெளிதான் உங்களுக்குப் போதவில்லை. சார் அடங்கிய சிஸ்ஸ்டாட் தொகுப்பு வழக்கமாக 10 நிமிடங்களுக்கு ஒருமுறைதான் பதிவு செய்கிறது. ஒவ்வொரு பதிவும் அந்த 10 நிமிடங்களின் சராசரி. ஒரு நிமிடம் முழுவதும் சிபியு 100 சதவீதத்தில் திணறி, மற்ற 9 நிமிடங்களில் 10 சதவீதத்தில் இருந்தால், பதிவாகும் எண் வெறும் 19. பில் போடும் வரிசையில் வாடிக்கையாளர் காத்து நின்ற அந்த நிமிடம் சராசரிக்குள் கரைந்துபோகிறது. எனவே இடைவெளியை ஒரு நிமிடமாகக் குறையுங்கள். நாளொன்றுக்கு 1,440 புள்ளிகள் என்பது க்னூப்ளாட்டுக்கு ஒரு சுமையே அல்ல. பழைய பதிவுகளைச் சுருக்கிச் சேமிக்கும் ஆர்ஆர்டிடூல் போன்றவற்றைப் பயன்படுத்தினால், சராசரியோடு உச்ச மதிப்பையும் சேமிக்கச் சொல்லுங்கள், ஏனெனில் ஒருமுறை சராசரியாக்கிய எண்ணிலிருந்து உச்சத்தை மீட்க எந்தக் கருவியாலும் முடியாது. இதை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு: இத்தகைய அமைதியான கோட்டைப் பார்த்துவிட்டு, சிக்கல் நெட்வொர்க்கில்தான் இருக்கிறது என்று நானே இரண்டு வாரம் தவறான இடத்தில் தேடியிருக்கிறேன்.

பெருங்குடியிலிருந்து: காலை 10 மணிக்கு வரும் நெரிசல் என் வரைபடத்தில் அதிகாலை 4.30 மணிக்குத் தெரிகிறதே, ஏன்?

சார் கோப்பிலிருந்து அட்டவணை எடுத்துத் தரும் எஸ்ஏடிஎஃப் கட்டளை, வேறு சொல்லாவிட்டால், நேரத்தை உலகப் பொது நேரமான யுடிசியில் எழுதும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. கட்டளையோடு பெரிய எழுத்து டி (-T) என்ற தெரிவைச் சேர்த்தால் உள்ளூர் நேரம் கிடைக்கும். 1970 முதல் எண்ணப்படும் நொடிகளாக நேரத்தைக் க்னூப்ளாட்டுக்குக் கொடுப்பவர்கள் 19,800 நொடிகளைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இரண்டையும் ஒருசேரச் செய்துவிடாதீர்கள். எந்த நேர மண்டலம் என்பதை அச்சின் கீழே எழுதிவிடுவது, வேறு ஊரிலிருந்து பார்ப்பவருக்குச் செய்யும் பேருதவி.

அம்பத்தூரிலிருந்து: சிபியு சதவீதத்தையும் பதில் நேரத்தையும் ஒரே படத்தில் இடம் வலமாக இரண்டு அச்சுகளோடு வரையலாமா?

வேண்டாம். அளவுகோலைச் சற்று மாற்றினாலே இரண்டு கோடுகளும் வேறு இடத்தில் வெட்டிக்கொள்ளும். அந்த வெட்டுக்குப் பொருளே இல்லை. ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒரே நேர அச்சில் இரண்டு படங்களாக வரையுங்கள்.

ஆவடியிலிருந்து: காலி நினைவகத்தின் கோடு நாளுக்கு நாள் இறங்குகிறது. ரேம் வாங்க வேண்டுமா?

அந்தக் கோட்டை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். படித்த கோப்புகளை லினக்ஸ் காலி நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளும்; தேவைப்பட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். 2014இல் வந்த 3.14 கர்னலிலிருந்து (கர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி), உண்மையில் எடுத்துக்கொள்ளக்கூடிய அளவின் மதிப்பீடு தனியாகக் கிடைக்கிறது. அதை வரையுங்கள், அதுவும் இறங்கிக்கொண்டே போனால் அப்போது கவலைப்படலாம்.

கிண்டியிலிருந்து: மின்தடையால் சர்வர் இரண்டு மணி நேரம் நின்றிருந்தது. ஆனாலும் கோடு இடைவெளியின்றி நேராகச் செல்கிறதே?

இருபுறப் புள்ளிகளையும் க்னூப்ளாட் தானாகவே இணைத்துவிட்டது. தரவுக் கோப்பில் அந்த இடத்தில் ஒரு வெற்று வரியை விட்டால் கோடு அங்கே அறுபடும். அந்த இடத்தில் பூஜ்ஜியத்தையும் நிரப்பாதீர்கள். வேலையின்றி இருந்த சர்வரும் நின்றுபோன சர்வரும் ஒன்றல்ல.