கடற்கரைக்கு எந்த ஞாயிறு போவது? – இளைஞர் மன்றங்களுக்குக் கேள்வி பதில்

கேள்வி: தாராவியில் எங்கள் மன்றத்தில் 30 பேர் இருக்கிறோம். மாகிம் கடற்கரையைச் சுத்தம் செய்ய ஆசை. போன வருடம் முயன்றோம். கட்டி வைத்த மூட்டைகளில் பாதியை மதியம் அலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. எங்கே தப்பு?

பதில்: தப்பு இரண்டு இடத்தில். நாளைப் பார்க்கவில்லை, வண்டியைப் பேசவில்லை.

முதலில் நாள். வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியே இதற்குப் போதும். மும்பையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஹை டைடு, அதாவது கடல் ஏற்றம், நடுப்பகலை ஒட்டி வரும், லோ டைடு, அதாவது வற்றம், காலை ஆறு மணி வாக்கில். தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே அமாவாசை அல்லது பௌர்ணமியன்றோ, அதற்கு அடுத்த இரண்டு மூன்று நாளிலோ வரும் ஞாயிறுதான் உங்கள் ஞாயிறு. ஆறிலிருந்து எட்டு மணிக்குள் தண்ணீர் நன்றாக வற்றியிருக்கும். அஷ்டமியை ஒட்டிய ஞாயிறு போனால் நீங்கள் சேரும் நேரத்தில் தண்ணீர் ஏறி நிற்கும், அள்ள இடமே இருக்காது. நாளைக் குறித்த பிறகு, அன்றைய டைடு அட்டவணையில் நேரத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டாம். மழைக்காலக் கடலில் சிறுவர்களை இறக்கக்கூடாது.

அடுத்தது வண்டி. அமாவாசை, பௌர்ணமி ஏற்றம்தான் பெரிய ஏற்றம். காலையில் வசதியாக வற்றிய அதே கடல், மதியம் மணலின் மேல்விளிம்பு வரை வரும். மூட்டை ஒன்பதரைக்குள் சாலைக்கு ஏறியாக வேண்டும். மாகிம், தாதர், தாராவி மூன்றும் மாநகராட்சியின் ஜி-நார்த் வார்டு. வார்டு ஆபீசில் திடக்கழிவுப் பிரிவுக்கு இரண்டு வாரம் முன்பே கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, ஏறக்குறைய எத்தனை மூட்டை என்பதை எழுதுங்கள். ‘உதவ வேண்டுகிறோம்’ என்று மொட்டையாக எழுதினால் வண்டி வராது. வெள்ளிக்கிழமை ஒருவர் நேரில் போய் நினைவூட்டட்டும், வண்டியோடு வருபவரின் செல் நம்பரை வாங்கட்டும்.

அங்கேயுள்ள கோலிவாடாப் (மீனவர் குடியிருப்பு) பெரியவர்களிடம் முன்கூட்டியே பேசுங்கள். மணலில் கிடக்கும் வலையெல்லாம் குப்பை அல்ல. காயப்போட்ட வலையை ஒரு பையன் வெட்டி மூட்டை கட்டினால், அடுத்த மாதம் நீங்கள் அங்கே கால் வைக்க முடியாது.

30 பேரை ஐந்தைந்தாகப் பிரியுங்கள். மூன்று பேர் பொறுக்க, ஒருவர் சாக்கைப் பிடிக்க, ஒருவர் சுமக்க. கறுப்புக் குப்பைப் பை ஈர மணலுக்குக் கிழியும். 25 கிலோ அரிசிச் சாக்கு நல்லது, நெசவு வழியே தண்ணீர் வடியும். 60 சாக்கு எடுத்துப் போங்கள். பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம், ஈரத்தோடு கனம் ஏறிவிடும். ரப்பர் பூச்சுள்ள கையுறை எல்லோருக்கும், ஐந்தாறு ஜோடி கூடுதலாக. கால் மூடிய செருப்போ ஷூவோ கட்டாயம். கண்ணாடி, ஊசிக்கு மூடியுள்ள கெட்டி பிளாஸ்டிக் டப்பா ஒன்று. அதைப் பெரியவர் ஒருவர் மட்டும் இடுக்கியால் கையாளட்டும். பாதி புதைந்த சேலை, கயிறு இவற்றை இழுத்தால் இடுப்பு பிடிக்கும். வெளியே தெரிவதை வெட்டிவிட்டு நகருங்கள். குடிக்க 20 லிட்டர் கேன் இரண்டும் டம்ளர்களும். கடற்கரை சுத்தத்துக்கு பாட்டில் தண்ணீர் வாங்கிப் போகிறவர்களை என்ன சொல்வது!

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மித்தி ஆறு மாகிம் கழிமுகத்தில்தான் கடலைத் தொடுகிறது. ஊருக்குள்ளிருந்து வருவது அங்கேயே ஒதுங்கும். கரை முழுவதையும் ஒரே நாளில் முடிப்பதாக எண்ணினால் அடுத்த வாரமே மனம் உடையும். நூறு மீட்டர் குறித்துக்கொண்டு மாதம் ஒரு முறை அதே நூறு மீட்டரைச் செய்யுங்கள். மூட்டைக் கணக்கைத் தேதியோடு நோட்டில் எழுதி வைத்தால், பின்னால் வார்டு ஆபீசில் பேச உங்கள் கையில் ஒரு ஆதாரம் இருக்கும்.

கேள்வி: ரத்ததான முகாம் நடத்த விருப்பம். விநாயகர் சதுர்த்தியின்போது வைக்கலாமா? – செம்பூர்

பதில்: வேண்டாம். அப்போது பிள்ளையார் பந்தல் போடும் மண்டலிக்கு மண்டலி முகாம் நடக்கும். ரத்தம் சேமித்து வைக்கும் நகை அல்ல. சிவப்பணு 35 முதல் 42 நாள் தாங்கும், பிளேட்லெட் ஐந்தே நாள். தட்டுப்பாடு மே மாதத்தில்தான் தெரியும். கல்லூரி விடுமுறை, பாதிப் பேர் திருநெல்வேலி ரயிலில். ஏப்ரல் கடைசி ஞாயிறு முகாம் வைத்தால், ஊருக்குக் கிளம்பும் முன் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்தச் சிவப்பணு மே முழுக்க உதவும்.

உரிமம் பெற்ற ரத்த வங்கிதான் எடுக்க வேண்டும். ஒரு மாதம் முன்பே பேசுங்கள். வயது 18க்குக் குறையக்கூடாது, எடை 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5. ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி. பச்சை குத்தி ஓராண்டு ஆகாதவர்கள் காத்திருக்க வேண்டும். இந்த வடிகட்டலில் நிறையப் பேர் திரும்புவார்கள், பெண்கள் பெரும்பாலும் ஹீமோகுளோபினில். 40 பை வேண்டுமென்றால் 60 பெயர் பதியுங்கள். திருப்பி அனுப்பப்பட்டவரை மற்றவர் முன் காரணம் கேட்காதீர்கள்.

எல்லோரையும் பத்து மணிக்கு வரச் சொல்வதுதான் பெரிய பிழை. மூன்று படுக்கை இருந்தால் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். அந்தக் கணக்கில் நேரம் கொடுங்கள். வெறும் வயிற்றோடு யாரும் வேண்டாம். விரதமிருப்பவர் இன்னொரு நாள் கொடுக்கட்டும். மயக்கம் வருவது பெரும்பாலும் ஊசியின்போது அல்ல, எழுந்து நடக்கும்போது. பிஸ்கட் மேசையைப் படுக்கைக்குப் பக்கத்திலேயே போட்டு, கால் மணி நேரம் உட்கார வையுங்கள். உங்கள் 16, 17 வயதுப் பிள்ளைகளுக்கு வேலை அங்கேதான்: கூடவே நடப்பது, ஜூஸ் கொடுப்பது, முகம் வெளிறுகிறதா என்று பார்ப்பது. தரைத்தளம், மின்விசிறி, கழிப்பறை இருந்தால் போதும். காசோ, காசு மதிப்புள்ள பரிசோ கூடாது. காசுக்கு ரத்தம் கொடுப்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டது.

கேள்வி: மாலையில் பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு ஆரம்பித்தோம். முதல் வாரம் 35 பிள்ளைகள், எட்டு பேர் சொல்லிக்கொடுத்தோம். இரண்டாம் மாதம் நான் ஒருத்திதான் மிச்சம். – சயான் கோலிவாடா

பதில்: தினமும் வகுப்பு என்று அறிவித்திருப்பீர்கள். கல்லூரிப் பிள்ளைகளால் அது முடியாதும்மா. வாரம் இரண்டு நாள், ஒன்றரை மணி நேரம், ஆறு வாரம் என்று முடிவோடு சேர்த்து அறிவியுங்கள். பிள்ளைகள் 12 பேர் போதும். எட்டு பேரையும் மூன்று மூன்றாகச் சுழற்றுங்கள். வர முடியாதவர் மாற்று ஆளைத் தானே பிடிக்க வேண்டும், உங்களுக்கு போன் செய்யக்கூடாது!

எந்த மீடியம் என்று முதலில் கேளுங்கள். மாநகராட்சிப் பள்ளிகளில் தமிழ் மீடியமும் உண்டு. ஆனால் வரிசை வீடுகள் உள்ள ஒரே சாலில் ஒரு பிள்ளை இந்தி, இன்னொன்று இங்கிலீஷ், மற்றொன்று தமிழ். பாடப்புத்தகத்தைத் திறந்தால் குழம்பும். கணக்கும் வாசிப்பும் மட்டும் எடுங்கள். வாய்ப்பாடு எந்த மீடியத்துக்கும் ஒன்றுதான். ஒரு பிள்ளையோடு ஒருவர் தனியாகக் கதவடைத்து இருக்கக்கூடாது, எப்போதும் இருவர். பெற்றோரைக் கேட்காமல் போட்டோவும் வேண்டாம்.

கேள்வி: மன்றத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டுமா? – முலுண்ட்

பதில்: முதல் வருடம் வேண்டாம். பதிவுக்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். மகாராஷ்டிராவில் சங்கமாக (சொசைட்டி) பதிந்தால் 1950ஆம் ஆண்டு பொது அறக்கட்டளைச் சட்டமும் கூடவே வரும். ஆண்டுதோறும் தணிக்கைக் கணக்கை அறநிலைய ஆணையர் அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டும். ஓராண்டு வேலையைச் செய்து, யார் நிலைக்கிறார்கள் என்று பாருங்கள். அதுவரை ஒருவர் சொந்தக் கணக்கில் நன்கொடை வாங்காதீர்கள். சண்டை வருவது பெரும்பாலும் அங்கேதான். பணமாக வேண்டாம், சாக்காக, நோட்டாக, பிஸ்கட்டாக வாங்குங்கள்.

கேள்வி: ஜூனில் நூறு மரக்கன்று நடலாமா? – தாராவி

பதில்: அக்டோபரிலிருந்து மே வரை யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று பெயர் சொல்ல முடிந்தால் நடுங்கள். பத்துக் கன்றுக்குப் பெயர் இருந்தால் பத்து மட்டும். இல்லையென்றால் இருக்கிற மரங்களில் விளம்பரப் பலகைக்காக அடித்த ஆணிகளைப் பிடுங்கலாம். வார்டின் தோட்டத் துறையிடம் எழுதிக் கேட்டுவிட்டு, பின்பக்கம் பிளந்த சுத்தியலோடு போங்கள். பட்டையில் நேரே ஊன்றி நெம்பினால் பட்டை நசுங்கும், அடியில் சிறு மரத்துண்டு வைத்து நெம்புங்கள். ஆழமாகப் புதைந்து பட்டை மூடிவிட்ட ஆணியைத் தோண்ட வேண்டாம். பிடுங்கிய துளையில் சிமென்டோ பெயின்டோ அடைக்காதீர்கள், மரம் தானே மூடிக்கொள்ளும்.