பாண்டிச்சேரில சூரியன் கடல்ல மறையுமா?

கேள்வி: டீச்சரா இருக்கறவங்க உங்க பயண அனுபவத்த க்ளாஸ்ல எப்படி சொல்வீங்க? பசங்க கேப்பாங்களா?

கடலூர் பக்கம் கவர்மென்ட் ஸ்கூல்ல சோஷியல் எடுக்கறேன். முதல்ல ஒண்ணு ஒத்துக்கறேன், ஊருக்குப் போய்ட்டு வந்து கதையா சொன்னா ஒருத்தனும் கேக்க மாட்டான். ஊட்டி போய்ட்டு வந்து போட்டோவெல்லாம் காட்டினேன், கடைசி பெஞ்ச்ல இருந்து வந்த ஒரே கேள்வி "சார், வர்க்கி வாங்கிட்டு வந்தீங்களா?"

அப்புறம் 2017ல ஒரு கல்யாணத்துக்கு தலசேரி போக வேண்டி இருந்துச்சு. கோழிக்கோட்டுல பஸ் ஏறி நல்லா தூங்கிட்டேன், முழிச்சுப் பாத்தா ஜன்னலுக்கு வெளிய ஸ்கூட்டர் நம்பர் ப்ளேட்ல பிஒய் 03, கொஞ்சம் தள்ளி 'புதுச்சேரி அரசு'ன்னு போர்டு, வரிசையா ஒயின் ஷாப். நெசமாவே ரெண்டு செகண்ட் எங்க இருக்கேன்னு புரியல. மாஹே! ஆத்துப் பாலம் தாண்டினதும் மறுபடி கேரளா. சோஷியல் வாத்தியார், மாஹே பாண்டிச்சேரியோட சேந்ததுன்னு வருஷா வருஷம் போர்டுல எழுதிப் போடறவன், நேர்ல பாத்ததும் முழிச்சேன் பாருங்க. திரும்பி வரும்போது வேணும்னே இறங்கி, ஆறு கடல்ல சேர்ற எடத்துல நின்னு சூரியன் மறையறத பாத்துட்டு வந்தேன்.

திங்கக்கிழமை க்ளாஸ்ல வேற எதுவும் சொல்லல. "பாண்டிச்சேரி மாநிலத்துல கடற்கரைல நின்னேன், சூரியன் கடலுக்குள்ள மறைஞ்சுச்சு"ன்னு மட்டும் சொன்னேன். எங்க பசங்களுக்கு பாண்டி அடுத்த தெரு மாதிரி, சும்மா விடுவாங்களா? "சார் பொய், அங்க கடல் கிழக்கால இருக்கு, காலைல உதிக்கதான் செய்யும்". விடை சொல்லவே இல்ல, ரெண்டு நாள் விட்டேன். மூணாம் நாள் ஒரு பையன் அட்லஸ தூக்கிட்டு ஓடி வந்தான், "சார், மாஹே மேற்குக் கடற்கரைல இருக்கு!" அதுல இருந்து பேச்சு எங்கெங்கயோ போச்சு. ஸ்கேல வெச்சுப் பாத்தா பாண்டியும் மாஹேவும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகைல, நேர் மேற்கால கோடு போட்டா மாஹேக்கு கொஞ்சம் வடக்க போய் சேரும். தீர்க்கரேகை ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம், ரெண்டுக்கும் நடுவுல 4 டிகிரிக்கு மேல, அப்ப மாஹேல சுமார் 17 நிமிஷம் லேட்டா மறையும். ஆந்திரா பக்கம் கோதாவரி டெல்டால இருக்கற ஏனாமையும் சேத்தா ஒரே யூனியன் பிரதேசத்துக்குள்ள 27 நிமிஷம் வருது, ஆனா எல்லார் கைலயும் வாட்ச் ஒரே டைம்தான் காட்டுது, ஏன்? நாடு முழுக்க கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைய வெச்சுதான் ஓடுது, அதான் இந்திய நேரக் கோடுங்கறத அன்னிக்கு யாரும் மனப்பாடம் பண்ணல, தானா வந்துச்சு. ஒருத்தன் "அப்ப மாஹே எம்எல்ஏ சட்டசபைக்கு வரணும்னா மலை ஏறி இறங்கணுமா சார்?"னு கேட்டான். அதுல இருந்து பாலக்காட்டுக் கணவாய், ரயில் ஏன் அந்த வழியா வருதுன்னு இன்னொரு பீரியட் ஓடிப்போச்சு. போர்ஷன் லேட் ஆச்சுதான், இல்லேங்கல.

இப்பல்லாம் எங்க போனாலும் புதிருக்கு ஒரு பொருள் எடுத்துட்டு வர்றதுதான் வேலை. ஊட்டிக்கு மறுபடி போனப்போ மேட்டுப்பாளையத்துல வாங்கின சிப்ஸ் பாக்கெட் மேல போகப் போக பலூனாட்டம் உப்பிடுச்சு, போட்டோ எடுத்து வந்து போட்டேன். "கெட்டுப்போச்சு சார்"னுதான் ஆரம்பிச்சாங்க, மேல போகப் போக வெளிய காத்தழுத்தம் குறையுதுன்னு வந்து சேர ஒரு மணி நேரம்.

இதுல எனக்கே ஆப்பு வெச்சது ஒன்பதாவது படிக்கற ஒரு பொண்ணு. "சார், பாண்டில இருந்து விழுப்புரம் பஸ்ல போனா எத்தன தடவ எல்லைய தாண்டுவோம்?" ஒரு தடவைன்னேன், இதெல்லாம் ஒரு கேள்வியான்னு வேற நெனச்சேன். "மூணு தடவ சார். கண்டமங்கலம் எங்க பாட்டி ஊரு, அது தமிழ்நாடு. அத தாண்டி மதகடிப்பட்டு வந்தா மறுபடி பாண்டி, அப்புறம்தான் திரும்ப தமிழ்நாடு." அந்த ரோட்டுல நான் நூறு தடவையாவது போயிருப்பேன், எல்லாம் தூங்கிட்டேதான்.