மாடி வீட்டுத் தம்பிக்குக் கணக்கில் மேற்படிப்பு

கேள்வி: எங்கள் மாடியில் குடியிருக்கும் கானா நாட்டுத் தம்பி இங்கே பி.எஸ்சி. கணிதம் முடிக்கப் போகிறான். மேலே படிக்க ஆசை, கையில் காசில்லை. வழி உண்டா?
- வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: உண்டும்மா, அவன் நாட்டிலேயே உண்டு. ஆப்பிரிக்கக் கணித அறிவியல் நிறுவனம் என்று ஒன்று, 2003-ல் இயற்பியலாளர் நீல் டூரோக் முயற்சியில் கேப்டவுன் பக்கம் மூசன்பர்க் கடற்கரையில் ஒரு பழைய ஹோட்டல் கட்டடத்தில் தொடங்கியது, அப்புறம் செனகல், கானா, கேமரூன், ருவாண்டா என்று பரவிவிட்டது. முதுநிலைக்குத் தேர்வானால் உதவித்தொகையிலேயே தங்குமிடம், சாப்பாடு அடக்கம். எனக்கு ரொம்பப் பிடித்தது பாடம் நடக்கும் விதம்: பல நாட்டுப் பேராசிரியர்கள் மூன்று வாரம் வந்து, மாணவர்களோடு ஒரே கட்டடத்தில் தங்கி, சாப்பிடும்போதுகூடக் கணக்குப் பேசுவார்கள். சரி, மதிப்பெண் பட்டியலையும் ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதத்தையும் ஊருக்குக் கிளம்பும் முன்பே வாங்கிவிடச் சொல்லுங்கள்.